ஹில்டன் ஹெட் தீவின் கோல்ஃப் மைதானங்களும் கல்லா மக்களின் நிலமும்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலக் கடலோரத்தில், காலணி ஒன்றின் வடிவில் கிடக்கிறது ஹில்டன் ஹெட் தீவு. நீளம் ஏறத்தாழ 12 மைல்; அகலமான இடத்தில் 5 மைல். தீவிலும் அதை ஒட்டிய கரைப்பகுதியிலும் இருபதுக்கும் மேற்பட்ட கோல்ஃப் மைதானங்கள் உள்ளன. ஒரு வார விடுமுறைக்கு வருபவர் இவற்றுள் நான்கைந்தைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். அத்தேர்வுக்குரிய அளவுகோல்கள் நெடுங்காலமாகவே நிலைபெற்றுவிட்டவை: மைதானத்தை வடிவமைத்தவர் யார், ஓர் ஆட்டத்திற்குக் கட்டணம் எவ்வளவு, தங்கும் விடுதியிலிருந்து எவ்வளவு தூரம், புல்வழி எவ்வளவு குறுகியது, கடல் கண்ணில் படுமா. பீட் டை, ராபர்ட் டிரெண்ட் ஜோன்ஸ், ஜார்ஜ் ஃபாசியோ, ஆர்தர் ஹில்ஸ் எனும் வடிவமைப்பாளர் பெயர்கள் அப்பட்டியலில் நூலாசிரியர் பெயர்களைப் போல இடம்பெறுகின்றன. மைதானங்கள் அமைந்த நிலம் யாருடையதாக இருந்தது என்ற கேள்வி எந்த அளவுகோலிலும் இல்லை. ஆனால் பட்டியலில் திரும்பத் திரும்ப வரும் மூன்று சொற்கள், அதாவது 'லிங்க்ஸ்', 'ஹெரிட்டேஜ்', 'பிளான்டேஷன்' என்பவை, அக்கேள்விக்கான விடையைத் தம்முள் வைத்திருக்கின்றன.

'லிங்க்ஸ்' என்பதிலிருந்து தொடங்குவது பொருத்தம். பழைய ஆங்கிலத்தில் 'ஹ்லிங்க்' என்பது மேட்டையும் கரையையும் குறித்தது. ஸ்காட்லாந்து வழக்கில் அது, விளைநிலத்திற்கும் கடலுக்கும் இடையே உழவுக்கு ஆகாமல் கிடந்த மணல்மேட்டுப் புல்வெளியின் பெயரானது. பயிர் விளையாத நிலமாதலால் ஊர்ப் பொதுவாகவே அது எஞ்சியது. செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் லிங்க்ஸ் நிலத்தில் முயல் வளர்க்க அனுமதித்த 1552ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில், பேராயர் ஜான் ஹாமில்டன் அந்நிலத்தில் கோல்ஃப் உள்ளிட்ட ஆட்டங்களை ஆட ஊர்மக்களுக்கு உள்ள உரிமையையும் உறுதி செய்கிறார். 1797இல் கடன்பட்ட நகர நிர்வாகம் நிலத்தைக் கைமாற்றியபோது, முயல் வளர்க்க வந்தவர்களுக்கும் கோல்ஃப் ஆடியவர்களுக்கும் மூண்ட வழக்கும் கைகலப்பும் 1821 வரை ஓயவில்லை. முயலுக்கும் பந்துக்கும் நடந்த போர் என இன்று அதைச் சிரித்துப் பேசுவர். உள்ளபடி அது பொது நிலம் பற்றிய வழக்கு. 1894இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக நகரம் அந்நிலத்தை மீட்டது. இன்றும் அங்குள்ள பழைய மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் இல்லை. ஊரார் அதில் நடந்து திரிகின்றனர். வெளியூர் ஆட்டக்காரர் பலர் சீட்டுக் குலுக்கலில் தம் முறையைப் பெறுகின்றனர்.

இச்சொல் அட்லாண்டிக்கைக் கடந்து ஹில்டன் ஹெட்டை அடைந்தபோது, பொருளில் பாதியைக் கரையிலேயே விட்டுவிட்டு வந்தது. ஹார்பர் டவுன் கோல்ஃப் லிங்க்ஸ் என்பது தீவின் தென்முனையில், காலணியின் நுனிப்பகுதியில், உள்ளே நுழைவதற்குக் காவல் வாயில் கொண்ட சீ பைன்ஸ் குடியிருப்புக்குள் அமைந்தது. மணல்மேடு அங்கில்லை, ஓக் மரங்களும் பைன் மரங்களும் நெருங்கிய வனத்தை வகுந்து போட்ட மைதானம் அது. ஓர் ஆட்டத்திற்குக் கட்டணம் நூற்றுக்கணக்கான டாலர். மொழியியலில் பொருட்குறுக்கம், பொருள்விரிவு என்றெல்லாம் வகை சொல்வதுண்டு. இங்கு நிகழ்ந்ததற்குச் சொத்துரிமை மாற்றம் என்ற பெயரே பொருந்தும்.

தீவின் நிலவரலாற்றை மிகச் சுருக்கமாகவேனும் சொல்லாமல் மேற்செல்ல இயலாது. 1663இல் பார்படோஸிலிருந்து வந்த கப்பல் தலைவர் வில்லியம் ஹில்டனின் பெயரே தீவுக்கு நிலைத்தது. 1790இல் வில்லியம் எலியட் என்ற தோட்ட முதலாளி நீளிழைப் பருத்தியை இத்தீவில் வெற்றிகரமாக விளைவித்தார். அதன்பின் எழுபது ஆண்டுகள், இருபதுக்கும் மேற்பட்ட பெருந்தோட்டங்களில் அடிமைப்படுத்தப்பட்ட ஆப்பிரிக்க வழிமக்கள் அப்பருத்தியை விளைவித்தனர். 1861 நவம்பர் 7 அன்று வடக்கு அரசின் கடற்படை போர்ட் ராயல் நீரிணையில் புகுந்து தீவின் கோட்டையைச் சில மணி நேரப் பீரங்கித் தாக்குதலில் வீழ்த்தியது. முதலாளிகள் ஓடினர், உழைத்தவர்கள் நிலத்திலேயே நின்றனர். பெரும் பீரங்கி முழங்கிய நாள் என்றே அவர்கள் அந்நாளை நினைவில் வைத்தனர்.

அடுத்த ஆண்டே தீவின் வடபகுதியில் மிட்செல்வில் உருவானது. அடிமைத்தளையிலிருந்து வெளிவந்தோர் தாமே நிர்வகித்த ஊர் அது. கால் ஏக்கர் மனைகள், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர் மன்றம், சிறார்க்குக் கட்டாயக் கல்வி விதி ஆகிய அனைத்தும் அங்கிருந்தன. விடுதலைப் பிரகடனம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே இவ்வூர் உருவாகத் தொடங்கியது என்பதைக் கருத வேண்டும். வரி செலுத்தப்படாமல் அரசிடம் வந்த தோட்ட நிலங்களின் ஒரு பகுதியைச் சிறு துண்டுகளாக விலைக்கு வாங்கியவர்களும் அவர்களே. பிற்பாடு புயலும் பருத்திக் காய்ப்புழுவும் அப்பயிரை ஒழித்தன. வடமாநிலச் செல்வர்கள் வேட்டைக்காகப் பெரும்பரப்புகளை வாங்கிப் போட்டனர். எனினும் 1950 வாக்கில் தீவில் வாழ்ந்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் மிகப் பெரும்பாலோர் கல்லா மக்கள்; தம் நிலத்தில் பயிரிட்டும், மீனும் சிப்பியும் பிடித்தும், படகேறி சவான்னா நகரச் சந்தையில் விற்றும் வாழ்ந்தவர்கள்.

கல்லா என்பது அம்மக்களுக்கும் அவர்தம் மொழிக்கும் பொதுவான பெயர். அதன் வேர் அங்கோலாவா, மேற்கு ஆப்பிரிக்க கோலா இனப்பெயரா என்பதில் அறிஞரிடையே ஒருமித்த முடிவில்லை. தமிழெழுத்தில் எழுதும்போது 'கல்லாத' என்ற பொருளை இச்சொல் தந்துவிடுவது தற்செயலே. ஆனால் வெளியுலகம் அம்மொழியை நெடுங்காலம் அப்படித்தான் மதிப்பிட்டது. படிப்பறியாதோர் சிதைத்துப் பேசும் ஆங்கிலம் என்பதே 1920கள் வரை நிலவிய கருத்து. லோரென்சோ டவ் டர்னர் என்ற கறுப்பின மொழியியலாளர் 1930களில் தென் கரோலினா, ஜார்ஜியா மாநிலக் கடல்தீவுகளில் களப்பணி செய்து, 1949இல் வெளியிட்ட நூலில் அக்கருத்தைத் தகர்த்தார். மெண்டே, யொரூபா, கிகோங்கோ முதலான ஆப்பிரிக்க மொழிகளிலிருந்து வந்த ஆயிரக்கணக்கான சொற்களை அவர் அடையாளங்கண்டார். அவற்றுள் பெரும்பான்மை ஆட்பெயர்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு பெயர்: வெளியாருக்குச் சொல்ல ஓர் ஆங்கிலப் பெயர்; வீட்டிற்குள் வழங்கக் 'கூடைப் பெயர்' ஒன்று. டர்னருக்கு முன்வந்த ஆய்வாளர்கள் முதற்பெயரை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பினர். கேட்டவர்க்குக் கொடுக்கப்பட்டது அதுதான்.

டர்னரின் நூல் வெளிவந்த அதே ஆண்டை ஒட்டித்தான், ஜார்ஜியாவின் ஹைன்ஸ்வில் ஊரைச் சேர்ந்த மர வணிகர்கள் தீவின் தென்பகுதியில் ஏறத்தாழ 8000 ஏக்கரை வாங்கினர். நோக்கம் பைன் மரம் வெட்டுவது. பங்குதாரர்களில் ஒருவரான ஜோசப் ஃபிரேசரின் மகன் சார்ல்ஸ் ஃபிரேசர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். மரத்தை வெட்டுவதைவிட விட்டுவைப்பதில்தான் பணம் இருக்கிறது என்று கண்டவர். 1956இல் தீவைக் கரையோடு இணைக்கும் பாலம் திறக்கப்பட்டது. அதே காலத்தில் ஃபிரேசர் சீ பைன்ஸ் பிளான்டேஷனைத் தொடங்கினார். மரம் வெட்டுவதிலிருந்து வீட்டுச் சுவரின் வண்ணம் வரை அனைத்தையும் விற்பனைப் பத்திர நிபந்தனைகளாகவே எழுதிவைத்தது அவருடைய சட்டப் படிப்பின் பயன். (கோட்டும் தொப்பியும் அணிந்து முதலையோடு அவர் உலவும் ஒளிப்படம் 1960களில் இதழ் ஒன்றில் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. விளம்பரத்தின் இலக்கணத்தையும் அவர் அறிந்தேயிருந்தார்.)

இவ்விடத்தில் கோல்ஃப் ஏன் வந்தது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். விளையாட்டின்மேல் கொண்ட காதல் காரணமாகக் கடலோர மைதானங்கள் பெருகியதாகக் கொள்வது பிழை. கடலை நோக்கிய மனைகளே விலை போகும்; ஆனால் கடற்கரையின் நீளம் இறைவன் கொடுத்த அளவுதான். கரையிலிருந்து உள்ளே தள்ளிய காட்டு மனையை எப்படி விற்பது? பதினெட்டுக் குழிகள் கொண்ட ஒரு மைதானத்தை வளைத்து வளைத்துக் காட்டினூடே ஓடவிட்டால், அதன் இருமருங்கிலும் பல மைல் நீளத்துக்குப் 'பார்வை' கிடைக்கிறது. புல்வழி இரண்டாவது கடற்கரையாகிவிடுகிறது. 1960களின் தொடக்கத்தில் சீ பைன்ஸில் தீவின் முதல் மைதானம் எழுந்தது. தொடர்ந்து வந்த குடியிருப்புகள் யாவும் இக்கணக்கையே பின்பற்றின. பின்னாளில் அமெரிக்கக் கடற்கரைகள் பலவற்றில் பெருகிய வேலியிட்ட கோல்ஃப் குடியிருப்புகளுக்கு முன்மாதிரி என்று வரலாற்றாசிரியர்கள் சீ பைன்ஸைக் குறிப்பது இதனாலேயே. விருந்தினர் இன்று மைதானங்களை ஒப்பிட்டுத் தெரிவு செய்யும் பட்டியல், அடிப்படையில் மனை விற்பனைத் திட்டங்களின் பட்டியலே.

ஹார்பர் டவுன் 1969 நவம்பரில் திறக்கப்பட்டது. வடிவமைத்தவர் பீட் டை. துணைநின்றவர் அந்நாளில் இளைஞரான ஜாக் நிக்லாஸ். காப்பீட்டு முகவராக இருந்த டை, 1963இல் மனைவி ஆலிஸ் டையோடு ஸ்காட்லாந்து சென்று பழைய மைதானங்களைப் பார்த்துத் திரும்பியவர். மண் சரியாமல் தாங்க ரயில் தண்டவாளக் கட்டைகளை அடுக்கும் முறை அங்கிருந்து அவர் கொண்டுவந்ததுதான். நீண்டு அகன்ற மைதானங்களும் பரந்த புல்தளங்களும் கோலோச்சிய காலத்தில், குறுகிய வழிகளும் சிறு புல்தளங்களும் கொண்ட ஹார்பர் டவுன், வலிமையைவிடக் கணிப்பை வேண்டிய மைதானமாக அமைந்தது. 13ஆம் குழியின் புல்தளம் ஆலிஸ் டையின் ஆக்கம். கலை என்ற அளவில் அம்மைதானத்தின் சிறப்பை மறுப்பதற்கில்லை. அதன் சிறப்பே அதன் அடியிலுள்ள வரலாற்றை எளிதில் மறைக்கவும் செய்கிறது.

திறந்த அதே மாதம் அங்கு நடந்த முதற் போட்டியில் ஆர்னால்ட் பாமர் வென்றார். தொலைக்காட்சியில் தீவை நாடு முழுதும் கண்டது. போட்டிக்கு இடப்பட்ட பெயர் 'ஹெரிட்டேஜ்', அதாவது மரபுரிமை. எதன் மரபு? 1743இல் ஸ்காட்லாந்தின் லீத் துறைமுகத்திலிருந்து சார்ல்ஸ்டனுக்கு 96 கோல்ஃப் மட்டைகளும் 432 பந்துகளும் வந்ததாகச் சரக்குப் பதிவு உண்டு. 1786இல் அந்நகரில் கோல்ஃப் கழகம் ஒன்றும் தோன்றியது. அமெரிக்க கோல்ஃபின் தொட்டில் தென் கரோலினா என்ற உரிமைகோரலே பெயருக்கு அடிப்படை. வெற்றியாளருக்கு ஸ்காட்டியக் கட்டம்போட்ட மேலங்கி அணிவிக்கப்படுகிறது. தொடக்க விழாவில் முந்தைய ஆண்டின் வெற்றியாளர் கலிபோகி நீரிணையை நோக்கிப் பந்தை அடிக்க, அதே கணத்தில் ஒரு பீரங்கி முழங்குகிறது. அதே தீவில் பீரங்கி முழக்கத்தைத் தம் விடுதலை நாளின் பெயராகக் கொண்ட மக்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்திருந்தனர். விழாவை அமைத்தோர் மனத்தில் அந்தத் தொடர்பு தோன்றியதற்கான அறிகுறி எதுவும் இல்லை. 18ஆம் குழிக்குப் பின்னே நிற்கும் சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கமும் இத்தகையதே: முதற் போட்டியின்போது பாதி எழும்பியிருந்தது, 1970இல் முடிந்தது, கப்பலுக்கு வழிகாட்டுவதைவிட ஒளிப்படத்துக்கு உதவவே பிறந்தது.

இனி மூன்றாவது சொல். சீ பைன்ஸ் பிளான்டேஷன், ஹில்டன் ஹெட் பிளான்டேஷன், போர்ட் ராயல் பிளான்டேஷன், ஷிப்யார்டு பிளான்டேஷன், வெக்ஸ்ஃபோர்டு பிளான்டேஷன் என நீண்டது வேலியிட்ட குடியிருப்புகளின் வரிசை. (சில இப்போது அச்சொல்லை உதிர்த்துவிட்டன, சில இன்னும் தாங்குகின்றன.) தமிழில் இதைப் பெயர்க்கும்போது ஓர் இடர்ப்பாடு எழும். 'தோட்டம்' என்பது வீட்டுப் புறத்துப் பூஞ்செடிகளையும் குறிக்கும். இலங்கை மலையகத்திலும் மலேசியாவிலும் லயன் வீடுகளில் தலைமுறைகளைக் கழித்த கூலித் தமிழரின் உலகத்தையும் குறிக்கும். மலையகத் தமிழர் ஒருவரிடம் 'தோட்டம்' என்று சொல்லும்போது எந்தப் பொருள் முன்வரும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆங்கிலச் சொல்லும் அவ்வாறே பிளவுபட்டது. மனை வாங்க வந்த வடபுலத்து வெள்ளையர்க்கு அது ஓக் நிழலும் தூண் வைத்த வீடும். கல்லா மூதாட்டிக்கு அவர் பாட்டன் விலைபேசப்பட்ட இடம். ஒரே சொல்லை இருவரும் சொல்கையில் பொருள் கேட்போரைப் பொறுத்து இரண்டாகிறது என்று மட்டும் எழுதி ஒரு மொழியியல் கட்டுரையை முடித்துவிடலாம். ஆனால் ஒரு பொருள் பெயர்ப்பலகையிலும் பத்திரத்திலும் ஏறியது. மற்றது ஏறவில்லை என்பதே வரலாறு. சீ பைன்ஸுக்குள் பேனார்ட் தோட்ட முதலாளியின் வீட்டு இடிபாடும், அடிமைகளின் குடிலொன்றின் அடித்தளமும் அருகருகே பாதுகாக்கப்படுகின்றன. சுண்ணாம்பும் சிப்பியோடும் கலந்த அச்சுவர்கள் சுற்றுலாத் தலம் ஆயின.

அதே வேலிக்குள், ஹார்பர் டவுனின் 18ஆம் புல்வழிக்கு அருகில், பிராடக்ஸ் பாயின்ட் இடுகாடு உள்ளது. அது கல்லா மக்களுடையது. மூதாதையர் கிடக்கும் மண் நீரை அடுத்திருத்தல் அவர்தம் வழக்கம். நீர்முகப்பு மனையே விலை மிகுந்தது என்பது பிற்காலத்தார் வழக்கம். இரண்டும் ஒரே துண்டு நிலத்தில் மோதின. இடுகாட்டைச் சுற்றி விடுமுறை வீடுகள் எழுந்தன. தனியார் நிலத்திலுள்ள கல்லறைக்குச் சென்றுவர வழித்தோன்றல்களுக்கு மாநிலச் சட்டம் உரிமை தருகிறது. ஆயினும் செல்லும் வழி காவல் வாயிலின் வழியேதான். அடிமைக்காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேற முதலாளியின் சீட்டு வேண்டும். பெயர் மாறாத 'தோட்டத்துக்குள்' நுழைய இப்போது சீட்டு வேண்டும்.

வடபகுதியில் கல்லா மக்கள் வைத்திருந்த நிலம் சுருங்கிய விதம் இன்னும் அமைதியானது. விருப்ப ஆவணம் எழுதாமல் இறந்தவரின் நிலம் வாரிசுகள் அனைவருக்கும் பிரிபடாப் பங்காகச் செல்லும். மூன்று தலைமுறை கடந்தால் பங்காளிகள் ஐம்பதாவர். பலர் நியூயார்க்கிலோ பிலடெல்ஃபியாவிலோ இருப்பர். நீதிமன்றத்தையும் வெள்ளை வழக்கறிஞரையும் நம்ப முகாந்திரம் இல்லாத சமூகத்தில் ஆவணம் எழுதாமையே பாதுகாப்பாகத் தோன்றியிருக்கும். அதுவே வலையாயிற்று: தொலைவில் வாழும் ஒருவரிடம் ஒரு பங்கை வாங்கியவர், பாகப்பிரிவினை கோரி வழக்கிட்டு, நிலம் முழுவதையும் ஏலத்துக்குக் கொண்டுவர முடிந்தது. ஏலத்தில் கையில் பணத்தோடு நிற்பவர் யார் என்பது வெளிப்படை. தமிழகத்துக் கிராமங்களில் பட்டா மாற்றப்படாத கூட்டுச் சொத்துகளை அறிந்தோர்க்கு இந்த நுட்பம் அந்நியமாக இராது. ஏலத்துக்குத் தப்பிய நிலத்தை, பக்கத்து மனைகளின் விலையேற்றத்தால் உயர்ந்த சொத்து வரி பிடித்தது. பாகப்பிரிவினை வழக்குகளில் உடன்பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் வாய்ப்பளிக்கும் சட்டத்தைத் தென் கரோலினா 2016இல்தான் இயற்றியது. முந்தைய ஆண்டு சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட மாநில மேலவை உறுப்பினர் கிளெமென்டா பிங்க்னியின் பெயரைத் தாங்கிய சட்டம் அது.

மறுபக்கமும் உண்டு. ஃபிரேசரின் பத்திர நிபந்தனைகள் இல்லையேல் தீவின் மரங்களில் பெரும்பகுதி இன்றிராது. 1970இல் அருகிலுள்ள கரையில் ஜெர்மானிய நிறுவனமான பிஏஎஸ்எஃப் இரசாயன ஆலை அமைக்க முயன்றபோது, ரிசார்ட் முதலாளிகளும் கறுப்பின இறால் மீனவர் கூட்டுறவும் ஒரே அணியில் நின்று அதைத் தடுத்தனர். மீனவர்களின் படகொன்று கையெழுத்து மனுக்களோடு வாஷிங்டன் வரை சென்றது. ஆலை வந்திருந்தால் நிரந்தர வேலை கிடைத்திருக்கும் என்று எண்ணிய கறுப்பினத் தலைவர்களும் அன்றிருந்தனர். அவர்கள் எண்ணியதைப் பிழையென்று தள்ளிவிட முடியாது. ஆலைக்கு மாற்றாக அவர்களுக்குக் கிடைத்தது விடுதி அறைகளைத் துடைக்கும் வேலையும் புல் வெட்டும் வேலையும்தான். தீவில் வாடகை கொடுக்க இயலாத தொழிலாளர்கள் உள்நாட்டு மாவட்டங்களிலிருந்து அதிகாலைப் பேருந்தேறி வருவது பல பத்தாண்டுகளாக நடந்தது. கோல்ஃபுக்குள்ளேயே பார்த்தாலும், அமெரிக்கத் தொழில்முறைக் கோல்ஃப் சங்கம் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்ற விதியை நீக்கியது 1961 நவம்பரில். சீ பைன்ஸின் முதல் மைதானமும் அந்த விதியின் நீக்கமும் ஏறத்தாழச் சமகாலத்தவை.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் 37,661 பேர் வாழ்கின்றனர். கறுப்பினத்தார் அவர்களில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. 2006இல் அமெரிக்கப் பேரவை, கல்லா கீச்சீ பண்பாட்டு மரபுப் பாதை என ஒரு கடலோர நெடும்பரப்பை அறிவித்தது. அதன் ஆணையத்துக்கு முதல் தலைவராக இருந்த எமரி கேம்ப்பெல் ஹில்டன் ஹெட்டில் பிறந்தவர். மிட்செல்வில் இருந்த இடத்தில் இப்போது நினைவுப் பூங்கா ஒன்று உள்ளது. ஸ்கொயர் போப், சாப்ளின், ஜோன்ஸ்வில், ஸ்டோனி, பேகால் எனத் தீவின் கல்லாக் குடியிருப்புகளுக்குப் பெயர்கள் உண்டு. எந்த மைதானம் எந்த வாயிலுக்குள் இருக்கிறது என்று காட்ட விடுதிகளில் தரப்படும் வரைபடங்களில் இப்பெயர்களைத் தேடினால் கிடைப்பது அரிது. வெளியாருக்குச் சொல்லும் பெயர் ஒன்று, வீட்டில் வழங்கும் பெயர் மற்றொன்று என்று டர்னர் ஆட்பெயர்களில் கண்ட இரட்டை வழக்கு ஊர்ப்பெயர்களிலும் தொடர்கிறது. இம்முறை அதை ஏற்படுத்தியவர்கள் கல்லா மக்கள் அல்லர்.